கண்ணுக்குத் தெரியாத முகவரியும் அமானிதமே



அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனுடைய தூதர் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லித் தொடங்குகிறேன்.

அன்பிற்குரிய சகோதர சகோதரிகளே! அமானிதம் என்ற சொல்லைக் கேட்டவுடன் பொன்னும் பணமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர் அண்டை வீட்டாரிடம் கொடுத்துச் செல்லும் சாவி, மகளின் திருமணத்துக்காக ஒருவர் நம்பிக்கையானவரிடம் சேர்த்துவைக்கும் நகை ஆகியவற்றையே அமானிதம் என்று எண்ணிப் பழகியிருக்கிறோம். நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் புறப்பட்ட வேளையிலும், மக்காவாசிகள் தம்மிடம் ஒப்படைத்திருந்த பொருள்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்ற வரலாற்றை நம் மக்தப் பிள்ளைகளும் அறிவார்கள். அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் சேர்க்குமாறு சூரா அந்நிஸாவின் 58ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளையில் பொருளின் அளவு பற்றிய நிபந்தனை எதுவும் இல்லை.

ஒருவர் நம்மை நம்பி எழுதிக் கொடுத்த மின்னஞ்சல் முகவரியும் இவ்வகையைச் சேர்ந்ததே என்பதை, சென்ற ரமலானுக்குச் சற்று முன்னர் எங்கள் மதரஸாவில் நடந்த ஒரு நிகழ்வு எங்களுக்கு உணர்த்தியது.

நடந்தது என்ன?

எங்கள் மதரஸாவுக்கென ஓர் இணையப் பக்கம் உண்டு. முன்னாள் மாணவர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் ஊதியமின்றி அமைத்துக் கொடுத்தார். பின்னர் அவர் வேலைக்காக வளைகுடா சென்றுவிட்டார். அதன்பின் ஆண்டுதோறும் யார் யாரோ அதில் செய்திகளைச் சேர்த்து வந்தனர். யத்தீம் பிள்ளைகளின் கல்விக்கு உதவ விரும்புவோர் நேரடியாகத் தொடர்பு கொள்ளட்டும் என்ற நல்லெண்ணத்தில், அப்பிள்ளைகளின் பொறுப்பாளர்களுடைய மின்னஞ்சல் இணைப்புகளும் அதில் இடப்பட்டிருந்தன.

ஷஅபான் மாதத்தில் ஒரு நாள், கணவரை இழந்து தையல் வேலையால் இரு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு சகோதரிக்கு மின்னஞ்சல் ஒன்று வந்தது. மதரஸாவின் பெயரும் அவருடைய மகனின் பெயரும் அதில் இருந்தன. கல்வி உதவித்தொகை தொடர்ந்து கிடைக்க, பதிவுக் கட்டணமாக 3,000 ரூபாய் அனுப்ப வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. அவர் அனுப்பிவிட்டார். ஒரு வாரம் கழித்து இரசீது கேட்டு அலுவலகத்துக்கு வந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது.

“மதரஸா பேர்ல வந்துச்சே ஹஜ்ரத், எப்படிச் சந்தேகப்படுறது?” என்று மட்டுமே அவர் கேட்டார்.

அன்று இஷாவுக்குப் பின் நிர்வாகிகள் கூடினர். மூத்தவர் ஒருவர், “அந்தப் பொண்ணோட முகவரி நம்ம பக்கத்துல இல்லவே இல்லை. நானே ரெண்டு தடவை எண்ணிப் பார்த்துட்டேன். மொத்தம் 15 இணைப்பு. அதுல அவங்க பேரு இல்லை. இதுக்கு நாம எப்படிப் பொறுப்பாக முடியும்?” என்றார். அவர் பொய் சொல்பவர் அல்லர். தம் கண்ணால் கண்டதையே சொன்னார். ஆனால் செய்தி ஒன்று வந்தால் அதைத் தெளிவாக ஆராய்ந்து அறியுமாறு சூரா அல்ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கற்றுத் தருகிறது. இணையப் பக்கத்தைப் பொறுத்தவரை, திரையில் தெரிவதைக் கண்ணால் எண்ணுவது ஆராய்ச்சியாகாது. மூத்த வகுப்பு மாணவர்களுக்கு மாலை வேளையில் கணினி கற்றுக் கொடுப்பவன் என்ற முறையில், ஆராயும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். என் மாணவர் ஒருவரும் உடன் அமர்ந்தார்.

மின்னஞ்சல் இணைப்பு என்பது யாது?

இதை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பயனரின் பெயரையும் அவர் இருக்கும் கணினியின் பெயரையும் ‘அட்’ குறியால் பிரித்து எழுதும் முறையை 1971இல் ரே டாம்லின்சன் கையாண்டார். நாம் இன்றும் பயன்படுத்தும் முகவரி வடிவம் அதுவே. இணையப் பக்கத்தில் ஓர் இணைப்பு வேறொரு பக்கத்துக்கு இட்டுச் செல்வதானால், அதன் ‘ஹெச்ரெஃப்’ என்னும் பண்பில் அப்பக்கத்தின் முகவரி இருக்கும். மின்னஞ்சலுக்கு இட்டுச் செல்வதானால், அதே இடத்தில் ‘மெயில்டூ’ என்ற சொல்லும் ஒரு முக்காற்புள்ளியும் அதன்பின் மின்னஞ்சல் முகவரியும் இருக்கும். அதைத் தொட்டால் கைப்பேசியின் மின்னஞ்சல் செயலி தானாகத் திறக்கும்.

இங்கு கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திரையில் தெரியும் சொல் வேறு, உள்ளே இருக்கும் முகவரி வேறு. ‘தொடர்புக்கு’ என்ற ஒரே சொல் வெளியே தெரியும். உள்ளே ஒருவருடைய முழு முகவரியும் இருக்கும். பக்கத்தின் மூலநிரலைப் படிக்கும் எவருக்கும் அது திறந்த கதவு. முகவரிகளைத் திரட்டுவதற்கென்றே எழுதப்பட்ட நிரல்கள் இரவும் பகலும் இணையத்தில் உலவுகின்றன. அவை திரையைப் பார்ப்பதில்லை, மூலநிரலைப் படிக்கின்றன. ஆகவே நாமும் அங்கேதான் பார்க்க வேண்டியிருந்தது.

23உம் 26உம்

இதற்கென ஆயத்த நிரல்தொகுப்பு எதையும் நாங்கள் நாடவில்லை. முன்பெல்லாம் இதுபோன்ற வேலைகளுக்கு 2006இல் வெளிவந்த ஜேகுவெரி என்னும் தொகுப்பைப் பலரும் பயன்படுத்தினர். இன்று உலாவியுடன் வரும் வெறும் ஜாவாஸ்கிரிப்டே போதுமானது. கணினியில் உலாவியைத் திறந்து, எஃப்12 விசையை அழுத்தி, ‘கன்சோல்’ என்ற பகுதியில் சில வரிகள் எழுதினால் போதும்.

மாணவர் முதலில் எழுதிய வரி ‘குவெரிசெலக்டர்ஆல்’ என்னும் கட்டளையைக் கொண்டது. ‘ஹெச்ரெஃப் பண்பு மெயில்டூ என்று தொடங்கும் எல்லா இணைப்புகளையும் கொண்டு வா’ என்பது அதன் பொருள். விடையாக 23 வந்தது. கண்ணால் எண்ணியவருக்கு 15, நிரலுக்கு 23. அந்த 23இலும் சகோதரியின் முகவரி இல்லை.

“முடிஞ்சுது ஹஜ்ரத், அவங்க முகவரி இல்லை” என்றார் மாணவர்.

“இன்னும் ஒரு முறையில் பார்ப்போம்” என்றேன். காரணம் உண்டு. பண்பின் தொடக்கத்தை ஒப்பிடும் அந்தத் தேர்வி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அதற்கு வேறு வேறு. ஆனால் உலாவிக்கு அப்படியன்று. ‘மெயில்டூ’ என்பதன் முதலெழுத்தைப் பெரிதாக எழுதினாலும் இணைப்பு பழுதின்றி வேலை செய்யும். முன்னால் தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்திருந்தாலும் உலாவி அதை நீக்கிவிட்டுப் புரிந்துகொள்ளும். தேர்வியோ அவ்விரண்டையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

ஆகவே வேறு வழியில் சென்றோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் உலாவி ‘டாகுமென்ட்.லிங்க்ஸ்’ என்றொரு பட்டியலை வைத்திருக்கிறது. பக்கத்திலுள்ள இணைப்புகள் அனைத்தும் அதில் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, ‘புரோட்டோகால்’ என்னும் பண்பைக் கேட்டோம். எழுதியவர் எப்படி எழுதியிருந்தாலும், உலாவி அதைச் சீராக்கிச் சிறிய எழுத்தில், முக்காற்புள்ளியுடன் தரும். அது ‘மெயில்டூ’ என்று இருந்தால் எடுத்துக்கொள், இல்லையேல் விட்டுவிடு. அவ்வளவே நிரல்.

விடை 26.

புதிதாக வந்த மூன்றிலும் முதலெழுத்து பெரிதாக இருந்தது. கைப்பேசியில் தட்டச்சு செய்தவருக்கு, விசைப்பலகை தானாகவே முதலெழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்திருக்க வேண்டும். அம்மூன்றில் ஒன்று, அந்தச் சகோதரியின் முகவரி. மாணவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இஸ்திக்ஃபார் ஓதினேன். 23உடன் நிறுத்தியிருந்தால், முகவரி இங்கில்லை என்று நாங்களும் சாட்சி சொல்லியிருப்போம்.

மறைத்ததும் நீக்கியதும் ஒன்றாகாது

26 இணைப்புகளில் 19 பொறுப்பாளர்களுடையவை, 4 ஆசிரியர்களுடையவை, 3 அலுவலகத்துடையவை. அப்படியானால் மூத்தவர் 15 மட்டும் எண்ணியது ஏன்? பொறுப்பாளர்களின் இணைப்புகளில் 11, பழைய ஆண்டின் பட்டியலில் இருந்தன. அப்பட்டியலை யாரோ நீக்காமல், திரையில் காட்ட வேண்டாம் என்று நடைவிதியில் ஒரு வரி மட்டும் எழுதிவைத்திருந்தனர். மனிதக் கண்ணுக்கு அது மறைந்துவிட்டது. மூலநிரலில் பெயர்களும் முகவரிகளும் அப்படியே இருந்தன. பிள்ளையின் பெயரும் பக்கத்திலேயே இருந்தது. ஏமாற்றியவனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

ஒவ்வோர் இணைப்பின் உள்ளேயும் பார்த்தோம். ‘பாத்நேம்’ என்னும் பண்பு, பெறுநரின் முகவரியைத் தருகிறது. சில இணைப்புகளில் காற்புள்ளியிட்டுப் பல முகவரிகள் இருக்கலாம். ஆகவே அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘சர்ச்’ என்னும் பண்பு, கேள்விக்குறிக்குப் பின்னால் வருவனவற்றைத் தருகிறது. கடிதத்தின் தலைப்பு, உள்ளடக்கம், நகல் பெறுவோர் ஆகிய விவரங்கள் அங்கு இருக்கும். இவை குறியீடுகளாக மாற்றி எழுதப்பட்டிருப்பதால், ‘டிகோட்யூஆர்ஐகாம்பொனென்ட்’ என்னும் கட்டளையால் பழைய உருவுக்குக் கொண்டு வர வேண்டும்.

அலுவலகத்தின் இணைப்பு ஒன்றில் ‘பிசிசி’, அதாவது மறைநகல், என்ற பகுதியில் மூன்று நிர்வாகிகளின் சொந்த முகவரிகள் இருந்தன. மறைநகல் என்றால் மற்றவர்களுக்குத் தெரியாது என்று நம்பி எழுதியிருக்கிறார்கள். கடிதம் சென்று சேர்ந்த பிறகு அந்த நம்பிக்கை சரியே. இணைப்பிலேயே எழுதி வைத்தால், பக்கத்தைத் திறக்கும் உலகம் முழுவதும் அதைப் படிக்கலாம்.

இத்துடன் நிறுத்தாமல் இன்னும் இரண்டு இடங்களைப் பார்த்தோம். இணைப்பாக்கப்படாமல் வெறும் எழுத்தாக இருக்கும் முகவரியை மேற்சொன்ன நிரல் காணாது. பக்கத்தின் எழுத்துகளில் ‘அட்’ குறியைத் தேடியதில், கிராஅத் போட்டி அறிவிப்பு ஒன்றில் இரண்டு முகவரிகள் கிடைத்தன. நிரலாளர்கள் தமக்காக எழுதிவைக்கும் குறிப்புகளும் மூலநிரலில் இருக்கும். அவையும் இணைப்புப் பட்டியலில் வருவதில்லை. மூலநிரலை முழுமையாகத் திறந்து தேடியதில் அங்கு எதுவும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஒரே முகவரி இருமுறை வந்ததைக் கழித்து எண்ணினால், எங்கள் ஒரு பக்கத்தில் 29 பேருடைய முகவரிகள் திறந்து கிடந்தன.

நிர்வாகிகளின் முன்னிலையில்

மறுநாள் பட்டியலை நிர்வாகிகளின் முன் வைத்தேன். சொல்லும்போது ஒரு வரம்பையும் சேர்த்தே சொன்னேன். ஏமாற்றியவன் இங்கிருந்துதான் முகவரியை எடுத்தான் என்பதற்கு எங்களிடம் சான்று இல்லை. முகவரியும் பிள்ளையின் பெயரும் எங்கள் பக்கத்தில், எவரும் எடுக்கக்கூடிய நிலையில் இருந்தன என்பதற்குச் சான்று இருக்கிறது. முதலாவது திருடனைப் பற்றிய கேள்வி. இரண்டாவது எங்களைப் பற்றிய கேள்வி.

அந்த மூத்தவர் பட்டியலை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, “கதவைப் பூட்டாம திரையை மட்டும் இழுத்து விட்டிருக்கோம்” என்றார். அன்றே தம் சொந்தப் பணத்திலிருந்து 3,000 ரூபாயைச் சகோதரியின் வீட்டில் சேர்ப்பித்தார். அதை ஜகாத்தாகவோ சதகாவாகவோ கருதக் கூடாது, இது நாங்கள் பட்ட கடன் என்று சொல்லியனுப்பினார்.

பொறுப்பாளர்களின் இணைப்புகள் அனைத்தையும் நீக்கினோம். உதவ விரும்புவோர் அலுவலகத்துக்கு எழுதட்டும், அலுவலகம் உரியவரிடம் கேட்டு, அவர் இசைந்தால் தொடர்பு ஏற்படுத்தட்டும் என்று முடிவாயிற்று. 19 குடும்பங்களுக்கும் நேரில் சென்றோ தொலைபேசியிலோ விவரம் சொன்னோம். நீக்கிய பிறகு ஏன் சொல்ல வேண்டும் என்று ஒருவர் கேட்டார். ஒரு முறை இணையத்தில் வந்தது, நாம் நீக்கியவுடன் எல்லா இடத்திலும் மறைந்துவிடுவதில்லை. தேடுபொறிகள் எடுத்துவைத்த படிகள் இருக்கலாம். ‘வேபேக் மெஷின்’ போன்ற காப்பகங்கள் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கின்றன. ஆகவே, மதரஸாவின் பெயரில் பணம் கேட்டு எது வந்தாலும் முதலில் அலுவலகத்தைக் கேளுங்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டியிருந்தது.

முகவரியை நிரலால் துண்டு துண்டாக்கி, திரையில் மட்டும் ஒட்டிக் காட்டும் உத்திகளும் உண்டு. எளிய திரட்டிகளை அவை ஏமாற்றும். உலாவியைப் போலவே பக்கத்தை இயக்கிப் பார்க்கும் திரட்டிகளை அவை ஏமாற்றா. அலுவலகத்தின் பொது முகவரிக்கு அது போதும். ஒரு விதவைத் தாயின் முகவரிக்கு, அதை அங்கே வைக்காமலிருப்பதே பாதுகாப்பு.

எட்டிப் பார்ப்பதும் நுழைவதே

சூரா அந்நூரின் 27ஆம் வசனம், பிறருடைய வீட்டில் அனுமதி பெறாமலும் ஸலாம் சொல்லாமலும் நுழைவதைத் தடுக்கிறது. திரும்பிச் செல்லுமாறு சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்கிறது அடுத்த வசனம். நபி (ஸல்) அவர்களின் அறையைத் துவாரம் ஒன்றின் வழியாக ஒருவர் எட்டிப் பார்த்தபோது, அவர்கள் அதைக் கடுமையாகக் கண்டித்து, அனுமதி கேட்கும் விதியே பார்வையின் காரணமாகத்தான் ஏற்பட்டது என்று உணர்த்திய செய்தி ஸஹீஹுல் புகாரீயில் இடம்பெற்றுள்ளது. கால் உள்ளே படாவிட்டாலும், கண் உள்ளே சென்றால் அதுவும் நுழைவுதான்.

இதை என் மாணவர்களுக்கு வலியுறுத்திச் சொன்னேன். ஏனெனில், எங்கள் பக்கத்தைக் காப்பதற்கு நாங்கள் எழுதிய அதே நான்கு வரிகளைக் கொண்டுதான் முகவரித் திருடனும் தன் தொழிலைச் செய்கிறான். நிரல் ஒன்றே, எண்ணம் வேறு. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன என்ற அடிப்படையை உமர் (ரலி) அவர்கள் அறிவித்த நபிமொழியில் நாம் படிக்கிறோம். சொந்தப் பக்கத்தையும், உரியவர் கேட்டுக்கொண்ட பக்கத்தையும் ஆராயலாம். அயலாரின் பக்கத்தில் முகவரிகளைத் திரட்டிப் பட்டியலிடுவது, துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கும் சூரா அல்ஹுஜுராத்தின் 12ஆம் வசனத்துக்கு எதிரானது என்றே நான் கருதுகிறேன். நம் நாட்டிலும் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. சட்டம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த ஒழுக்கம் நமக்குக் கற்பிக்கப்பட்டுவிட்டது.

நாம் செய்யக்கூடியவை

பள்ளிவாசல், மதரஸா, ஜமாஅத் ஆகியவற்றின் இணையப் பக்கங்களைப் பொறுப்பில் வைத்திருப்போருக்குச் சில வேண்டுகோள்கள்:

முதலாவதாக, ரமலான் வருவதற்கு முன் ஆண்டுக்கு ஒரு முறையேனும் உங்கள் பக்கங்களை மேற்சொன்ன முறையில் ஆராயுங்கள். இணைப்புகளின் பட்டியல், உள்ளே இருக்கும் நகல் முகவரிகள், வெறும் எழுத்தாக உள்ள முகவரிகள், மூலநிரலின் குறிப்புகள் ஆகிய நான்கையும் பாருங்கள்.

இரண்டாவதாக, வேண்டாததை மறைக்காதீர்கள், நீக்குங்கள்.

மூன்றாவதாக, உதவி பெறுவோரின் பெயரையோ முகவரியையோ பொதுவில் வைக்காதீர்கள். தர்மத்தை இரகசியமாகச் செய்வதன் சிறப்பைப் பேசும் நாம், அதைப் பெறுபவரின் கண்ணியத்தையும் மறைத்துக் காக்கக் கடமைப்பட்டவர்கள்.

நான்காவதாக, யாரோ அனுப்பிய நிரலைப் புரிந்துகொள்ளாமல் ‘கன்சோல்’ பகுதியில் ஒட்டாதீர்கள். உங்கள் கணக்கையே பிறர் கைப்பற்ற அது வழியாகலாம்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல். மின்னஞ்சலில் உங்கள் பிள்ளையின் பெயர் இருப்பதனால் அது உண்மையாகிவிடாது. பணம் அனுப்புமுன், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த எண்ணில் மதரஸாவை அழைத்துக் கேளுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணில் இணையவழிக் குற்ற உதவிப் பிரிவுக்குத் தெரிவியுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். வீட்டிலுள்ள மற்றவர்களும், ஏமாந்தவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். குற்றம் ஏமாற்றியவனுடையது.

யா அல்லாஹ்! எங்களை நம்பி ஒப்படைக்கப்பட்டவற்றில், எங்கள் கண்ணுக்குத் தெரிவனவற்றையும் தெரியாதனவற்றையும் பேணிக் காக்கும் நல்வாய்ப்பை எங்களுக்குத் தருவாயாக! யத்தீம்களின் கண்ணியத்தையும் அவர்களை வளர்ப்போரின் கண்ணியத்தையும் பாதுகாப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.